குளுகுளு மைசூரில் என் வெயில் உத்தியோகம்

வெயிலில் நிற்பவரை நிழலுக்குக் கூப்பிடுவதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஹனூர்ப் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நானோ அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன்.

கட்டட வேலை நடக்கிற இடங்களில் முதுகில் ‘சேஃப்டி’ என்று எழுதிய பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, யாரும் கேட்காத விஷயங்களை நாள் முழுக்கச் சொல்லித் திரியும் என் இனத்தாரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஹெல்மெட், பெல்ட், வலை என்றாலாவது நம் பேச்சை அரைமனதாகக் கேட்பார்கள். மேலேயிருந்து விழுந்தால் எலும்பு முறியும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயில் யாரையும் பிடித்துத் தள்ளுவதில்லை. அதனால் அதை யாரும் ஆபத்தில் சேர்ப்பதும் இல்லை. மைசூரில், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு கோடை முழுக்க நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காற்று வாங்கும் ஊர்

எங்கள் சைட்டின் புராஜெக்ட் மேனேஜர் நஞ்சுண்டசாமி. பிறந்து வளர்ந்தது எல்லாம் மைசூர். நல்ல மனிதர், சிரித்த முகம். ஆனால் காலையில் ஏசி போட்ட கன்டெய்னர் ஆபீஸுக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே வருவார். நான் கன்னடத்தையும் தமிழையும் கலந்து பேசுவேன். அவர் கன்னடத்தில் பேசுவார். உங்களுக்காக அவர் பேச்சையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில் அவரிடம் போய், "சார், மேல் தளத்தில் ஒரு துண்டு நிழல்கூட இல்லை. நடுப்பகலில் ஆட்கள் கம்பி கட்டுகிறார்கள். ஏதாவது செய்ய வேண்டும்" என்றேன். அவர் காப்பியை எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாக வெளியே கை காட்டினார். மரங்கள் அசைந்துகொண்டிருந்தன. "பாருங்கள், எப்படிக் காற்று வீசுகிறது!" என்றார். அந்தக் காற்றுதான் வில்லன் என்று நான் விளக்கினேன். வேர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், தோல் வெந்துகொண்டிருப்பதே ஆளுக்குத் தெரியாது. உடம்பில் தண்ணீர் குறைவதும் தெரியாது என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு குழந்தை கதை சொல்லும்போது கேட்போமே, அந்தப் பொறுமை.

கடைசியில் என் தோளைத் தட்டாத குறையாக, வெயிலுக்குப் பேர்போன வடகர்நாடக ஊர் ஒன்றை இழுத்துச் சொன்னார்: "பயப்படாதீங்க மேடம், இது மைசூரு, ராய்ச்சூரு இல்ல."

வெள்ளைப் பூச்சு

மேனேஜர் அசையவில்லை என்று பெங்களூர்த் தலைமை ஆபீஸுக்கே எழுதினேன். ஒவ்வொரு தளத்திலும் குடிதண்ணீர், ஒதுங்க நிழல், நடுப்பகலில் ஓய்வு என்று மூன்றைக் கேட்டேன். நாலாவதாக ஒன்று வந்தது. ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய, வெயிலுக்கு முகத்தில் தடவும் கிரீம்.

கிரீம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கழுவின முகத்தில், வேலைக்கு முன்னால் தடவினால் நல்லதுதான். ஆனால் சிமென்ட் தூசி பறக்கிற இடத்தில், வழிகிற வேர்வையில் அதைத் தடவிப் பாருங்கள். பத்து மணிக்குள் எல்லார் முகமும் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு புறங்கையில் மட்டும் தடவினார்கள். ஒருவர் பித்தவெடிப்புக்குக் கேட்குமா என்று விசாரித்தார்.

செல்வி என்று ஒருத்தி. எங்கள் ஹனூர்க்காரி, கலவை சுமக்கும் பெண்களுக்கெல்லாம் வாய் அவள்தான். டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திணித்தாள்: "ஏனுங்கக்கா, இதப் பூசிட்டுப் போனா எம்புள்ளையே என்னையப் பாத்து பயந்து அழுவுதுங்க, கன்டெய்னருக்குள்ள ஒக்காந்திருக்காரே, அவருக்குக் குடுங்க, வேர்வ படாம அப்பிடியே இருக்கும்."

குடித்த தண்ணீர்

கெஞ்சிக் கூத்தாடி ஒவ்வொரு தளத்திலும் ஒரு தண்ணீர்க் கேன் வைக்க ஏற்பாடு செய்துவிட்டேன். பெரிய சாதனை என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது. ஆனால் சாயங்காலம் பார்த்தால் ஆண்கள் வேலை செய்யும் பக்கம் கேன்கள் காலி. பெண்கள் வேலை செய்யும் பக்கம் வைத்தது வைத்தபடி இருக்கிறது. இரண்டொரு நாள் பார்த்தேன். தாகம் ஆண் பெண் பார்த்தா வரும்?

செல்வியைப் பிடித்து உட்கார வைத்து, வெயிலில் தண்ணீர் குடிக்காவிட்டால் என்னென்ன ஆகும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். தலைசுற்றல், நீர்க்கடுப்பு, சிறுநீரகக் கல், எல்லாம் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு கையைப் பிடித்து, சைட்டின் பின்கோடிக்கு என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பெண்களுக்கென்று ஒரு தகரக் கழிப்பறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் வேலையை விட்டு இவ்வளவு தூரம் வந்தால் மேஸ்திரி கத்துவார்.

செல்வி கோபப்படக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்: "தண்ணி இல்லாமயா நாங்க குடிக்கல? குடிச்சத எங்க விடறதுன்னு மொதல்ல அத சொல்லுங்கக்கா."

மாதேஸ் நின்ற இடம்

மாதேஸ் கம்பி கட்டுபவர். நல்ல உடம்பு, நல்ல வேலைக்காரர். குண்டலுபேட்டையில் மாமனார் வீட்டு விசேஷத்துக்குப் போய், சில வாரம் அங்கேயே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தார். வந்த அன்றைக்கே மேல் தளத்தில் ஏறி முழு வேலையில் இறங்கிவிட்டார். வெயிலை விட்டுப் போன உடம்பு மறுபடி பழக நாளாகும் என்பது அவருக்கும் தெரியாது, அவரை ஏற்றிவிட்ட மேஸ்திரிக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் திரும்பி வந்ததே எனக்குத் தெரியாது.

நடுப்பகலில் செல்வி ஓடி வந்தாள். "அக்கா, மாதேஸண்ணன் ஒரு மாதிரியா பேசுது." மேலே போய்ப் பார்த்தால், கட்டின கம்பியையே மறுபடி மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். பேரைக் கேட்டேன். "பஸ் போயிருச்சு" என்றார். தொட்டேன், உடம்பு அடுப்புக்கல்லாகக் கொதித்தது. அப்போதே கால் மடங்கி விழுந்தார். நாலு பேர் தூக்கிக் கீழ்த்தள நிழலுக்குக் கொண்டுவந்தோம். சட்டையைக் கழற்றி, கான்கிரீட்டின் மேல் போடுகிற சாக்குகளை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். ஒருவர் சோடா வாங்கி ஓடிவந்தார். நினைவு தடுமாறுகிற ஆளுக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று தடுத்தேன். எல்லார் கையிலும் ஒரு வேலை இருந்தது. தண்ணீர்க் குழாயைப் பிடிக்க மட்டும் ஆளில்லாமல் அதையும் நானே பிடித்திருந்தேன். யாரோ அதை என் கையிலிருந்து வாங்கினார்கள். நிமிர்ந்து பார்த்தால் நஞ்சுண்டசாமி. பேன்ட் முழங்கால் வரை நனைய நனைய, ஆம்புலன்ஸ் வரும்வரை குழாயை விடவில்லை. "மாதேஸ், கண்ணைத் திற, மாதேஸ்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழ் வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள்ளேயே உடம்பைக் குளிர்வித்ததால்தான் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் மாதேஸ் போனில் மனைவியின் குரலை அடையாளம் கண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேனேஜர் எங்களுக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாதேஸ் நின்ன இடத்துல போய் நின்னு பார்த்தேன் மேடம், ஒரு போன் பேசி முடிக்கற வரைக்கும்கூட என்னால அங்க நிக்க முடியல."

கான்கிரீட்டுக்கு ஒரு நியாயம்

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் கேட்டு வாங்கவில்லை, தானாக நடந்தது. மேல் தளத்தில் பச்சை வலைப் பந்தல் ஏறியது, மதியத்தில் மோரும் வந்தது. பெண்களுக்குக் கழிப்பறை பக்கத்திலேயே வந்தது, உள்ளேயும் வெளியேயும் தாழ்ப்பாளோடு. லீவு முடிந்து வருகிறவர்களை முதல் சில நாள் கீழே நிழல் வேலையில்தான் போட வேண்டும் என்று மேஸ்திரிகளுக்கு உத்தரவு. கடைசியாக, கோடை முடியும்வரை மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளி வேலை நிறுத்தம். இந்தக் கடைசி ஒன்றுதான், கட்டடத்தைக் கட்டச் சொன்ன முதலாளித் தரப்புக்கு உறைத்தது.

அவர்களுடைய அதிகாரி போனில் கூப்பிட்டார். நான் அப்போது கன்டெய்னரில் இருந்தேன். மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. வேலை தள்ளிப்போகும், வீடு வாங்கியவர்களுக்கு யார் பதில் சொல்வது என்று கத்தல். நஞ்சுண்டசாமி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். புதிதாகப் போட்ட கான்கிரீட் வெயிலில் காய்ந்து வெடிக்காமல் இருக்க நாங்கள் ஈரச் சாக்கு போர்த்தி, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றுவோம். இந்தத் தொழிலில் இருக்கிற குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

மறுமுனை மூச்சு வாங்கிய நேரத்தில் மேனேஜர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "சார், வெயில் அடிச்சா கான்கிரீட்டுக்கே சாக்கு போட்டுத் தண்ணி ஊத்தறோம், அதைக் கட்டற மனுஷனுக்குச் செஞ்சா மட்டும் தப்பா?"

ஆறு மணித் தண்ணீர்

மேனேஜர் மாறிவிட்டார், முதலாளித் தரப்பு முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டது, இனி என்ன கவலை என்று இருந்தேன். எதிர்ப்பு தொழிலாளர்களிடமிருந்து வந்தது! மதியம் விடுகிற மூன்று மணி நேரத்தில் பாதியைச் சாயங்காலமும் பாதியைக் காலையிலும் ஈடுகட்ட வேண்டும். அதாவது ஆறரைக்கே வேலை தொடங்கும். பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் முடியாது என்றார்கள். நன்மை செய்ய வந்தவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும்? உங்களுக்கும் பட்ட அனுபவம் இருக்கும்.

மேனேஜர் எல்லோரையும் பந்தலுக்கடியில் உட்கார வைத்து, தானும் ஒரு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து காரணம் கேட்டார். அவர்கள் தங்கியிருக்கும் ஷெட்டுகளுக்கு டேங்கர் தண்ணீர் வருவதே காலை ஆறு மணிக்கு. பிடித்து, சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பி, ஆறரைக்கு எப்படி வருவது? "அவ்வளவுதானே" என்று அங்கேயே போன் போட்டு, டேங்கரை முதல் நாள் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார். பெண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. சந்தோஷம்தான், ஆனாலும் ஏதோ பாக்கி இருந்தது.

செல்வி எழுந்து, புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு சொன்னாள்: "தண்ணி நேரத்த நீங்க மாத்திப்போட்டீங்க சார், சந்தோசமுங்க, சோறாக்கற நேரத்துல போர்வைக்குள்ள கெடக்கற எங்கூட்டு ஆம்பளைங்கள மாத்த எப்ப ஆபீசர் வெக்கறீங்க?"

என் அம்மா பார்த்தது

நடுவில் யுகாதிக்கு ஊருக்குப் போனேன். ஆட்களை நிழலுக்கு விரட்டுகிற நான் நிழலில் நிற்க முடியுமா? இந்தப் பந்தலிலிருந்து அந்தப் பந்தலுக்கு வெயிலில்தானே நடக்க வேண்டும்? முகம் கறுத்து, சட்டைக்கை முடிகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறமாக இருந்தேன். மகள் மைசூரில் ஆபீசராக இருக்கிறாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் பையைக்கூட வாங்காமல் கேட்டாள்: "ஏம்புள்ள, ஆபீசு வேலைன்னு சொல்லிட்டு மைசூர்ல யாரு காட்டுல களை வெட்டிட்டிருக்கற?"

ஏஜென்சி வெயில்

மேலே பந்தல், கீழே தண்ணீர், நடுவில் ஓய்வு. எல்லாம் செய்து முடித்த பெருமிதத்தில் ஒரு மதியம் கேட் பக்கமாக நடந்தேன். எல்லோரும் படுத்திருக்கும் நேரம். கேட்டில் காவலாளி பசப்பா மட்டும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தடித்த நீலச் சட்டை, தொப்பி, பூட்ஸ். அவருக்கு ஒரு கூண்டு இருந்தது, தகரக் கூண்டு. உள்ளே நிற்பதைவிட வெளியே வெயிலில் நிற்பதே மேல். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் காலையும் மாலையும் அவர் வணக்கத்தை வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டித்தானே போய் வந்தேன்? "இவ்வளவு நாள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?" என்றேன். காவல் வேலைக்கு வேறு ஒரு ஏஜென்சி ஆள் அனுப்புகிறது. அதனால் எங்கள் பந்தலும் மோரும் தனக்குச் சேராது என்று அவரே முடிவு செய்துகொண்டிருக்கிறார். விஷயம் தெரிந்து மேனேஜர் அன்றைக்கே கேட்டில் ஓலை வேய்ந்து, ஒரு நாற்காலியும் போட வைத்தார். மதியத்தில் மாற்று ஆளும் வந்தது.

ஆனால் என் கேள்விக்கு பசப்பா அன்று சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்சமும் குறைப்பட்டுக்கொள்ளாத குரலில் சொன்னார்: "உங்க ஆளுங்க வெயிலை நீங்க பாக்கறீங்க மேடம், எங்க வெயிலு ஏஜென்சியிலேருந்து வருது."

குல்லா

ஹெல்மெட் தலையைக் காக்கும், பிடரியைக் காக்காது. குனிந்து கம்பி கட்டுகிறவர்களுக்குப் பின்கழுத்துதான் வெந்து தோல் உரியும். ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொள்கிற மாதிரி, பின்னால் தொங்கும் துணியோடு பருத்திக் குல்லா தைக்க முடிவு செய்தோம். மண்டி மொஹல்லாவில் ஒரு தையற்கடை. ஆட்டோ நுழையாத சந்து. நான் ஒரு ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அளவு கொடுத்தேன். கடைக்கார பாய் அதைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்து, வெள்ளைத் துணியில் ஒன்று தைத்துக் காட்டினார். அருமையாக இருந்தது.

குல்லாக்கள் வந்த வாரத்தில்தான் மாதேஸும் வேலைக்குத் திரும்பினார். கொஞ்சம் இளைத்திருந்தார். முதலில் கீழ்த்தளத்தில், நிழலில், அரைநாள் வேலை. "சும்மா உக்காத்தி வெக்கறீங்களே" என்று கூச்சப்பட்டார். அவர் மனைவி குண்டலுபேட்டையிலிருந்து எனக்குத் தனியாக போன் செய்து, "அக்கா, அவரு என்ன சொன்னாலும் மேல ஏத்தாதீங்க" என்று சொல்லியிருந்தாள். மெல்ல மெல்ல வெயில் பழக்கி, பிறகுதான் மேலே அனுப்பினோம். அதற்கு முன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து மேனேஜரே குல்லா கொடுத்தார். கன்னடத்தில் ‘டோப்பி போடுவது’, அதாவது தொப்பி போடுவது என்றால் ஏமாற்றுவது; நம் தமிழிலும் ‘குல்லா போடுவது’க்கு அதே அர்த்தம். வரிசையில் அப்போதே குசுகுசுவென்று சிரிப்பு.

மாதேஸின் முறை வந்தது. மாட்டிக்கொண்டு, கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னார்: "எத்தனையோ கம்பெனி எங்களுக்கு குல்லா போட்டிருக்குதுங்க சார், அதுல கழுத்துக்கு நெழல் குடுக்கற குல்லா இதுதானுங்க." முதலில் சிரித்தது நஞ்சுண்டசாமிதான்.

பார்வையிட வந்தவர்

கோடை முடிகிற சமயம். போனில் கத்திய அந்த அதிகாரி, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மதியம் நேரில் வந்துவிட்டார். கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது. முழுக்கைச் சட்டை, இறுக்கமான டை. சைட்டே தூங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். நான்தான் அகப்பட்டேன். விடுவிடுவென்று மேல் தளத்துக்கு ஏறினார், நானும் ஓடினேன். வேலை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்தங்கவில்லை. காலைக் குளிர்ச்சியில் வேலை ஓடியது, மதியத்தில் மயங்கி விழுகிறவரும் இல்லை, பாதியில் ஊருக்குப் போகிறவரும் இல்லை. கோபித்துக்கொள்ள ஒன்றும் அகப்படாமல் அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். முகம் சிவந்து, டையைத் தளர்த்தினார். பிறகு தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

செல்வி பந்தலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து அவர் கைப்பையை வாங்கிக்கொண்டாள். அதிகாரமாக ஒன்றும் பேசவில்லை. "வாங்க சார், உக்காருங்க" என்று ஊர்க்காரரைக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டாள். ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். ஈரத்துண்டு கொடுத்தாள். அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். மைசூர்க் காற்று வலைக்குள் புகுந்து வந்தது. நிழலில் அந்தக் காற்று எவ்வளவு சுகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் தூணில் சாய்ந்தவர், மாதேஸுக்குப் பக்கத்தில் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார்.

நஞ்சுண்டசாமி பதறிக்கொண்டு மேலே ஏறி வந்தார். சத்தம் கேட்டு அதிகாரி ஒரு கண்ணை மட்டும் திறந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "இன்னும் மூணு மணி ஆகல, ரூல் போட்ட நீங்களே இப்படி எழுப்பினா எப்படி?"

இப்படியாக ஒரு கோடையை ஜெயித்துவிட்டோம் என்று நான் மூச்சு விடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் வெயிலிலிருந்து உள்ளே வாருங்கள் என்று நான் கெஞ்சியவர்களை இப்போது மழையிலிருந்து உள்ளே வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறேன்.